கட்டிக்கு உடன் வந்தவர்

கிளாராவின் வலது நுரையீரலிலிருந்து எடுத்த சதைத் துணுக்கு திண்டிவனத்துக்குக் குளிரூட்டிய காரில் போனது. கிளாரா கண்டமங்கலத்திலிருந்து விழுப்புரத்துக்கு டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி போனாள். துணுக்கோடு இரண்டு அலுவலர்கள் போனார்கள். கிளாராவோடு அவள் கணவன் அமலதாஸ் மட்டும் போனான்.

அமலதாஸ் பாண்டிச்சேரியில் வீடுகளுக்குத் தரை டைல்ஸ் பதிக்கும் மேஸ்திரி. கிளாரா ஊர்ப் பள்ளியில் சத்துணவு சமைப்பவள். பீடியையோ சுருட்டையோ கையால் தொடாத அவளுக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அங்கிருந்த டாக்டர் நல்லவர். வழக்கமான ஊசி மருந்தை உடனே தொடங்கலாம் என்றார். ஆனால் கட்டியின் மரபணுவைச் சோதித்து, அதற்குப் பொருந்துகிற மாத்திரை இருப்பது தெரிந்தால் அதுவே மேல், பலருக்குச் சில வாரங்களிலேயே மூச்சு சீராகிவிடுகிறது என்றார். அந்தச் சோதனையையும் மாத்திரையையும் இலவசமாகத் தரும் ஓர் அமைப்பின் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார்.

அதன் பெயர் துல்லியப் பொருத்தகம். டாக்டர் சொன்ன சோதனை உண்மையானது. மாத்திரையும் உண்மையானது. இரண்டுக்கும் நடுவில் பொருத்தகம் இருந்தது.

பொருத்தகத்துக்கு இரண்டு கிளைகள். விழுப்புரம் கிளை பழைய அரிசி மண்டியின் மாடியில் இருந்தது. அங்கே அலுவலராக இருந்த ஜெகதீசன் கணினியைப் பார்த்துவிட்டுப் புன்னகை செய்தார்.

“நோயாளி காலையிலேயே திண்டிவனத்துல அட்மிட் ஆயிட்டாங்க. நல்லா இருக்காங்க. நீங்க யாரும்மா?”

“நான்தாங்க நோயாளி,” என்றாள் கிளாரா. படியேறி வந்ததில் அதைச் சொல்லவே அவளுக்கு இரண்டு மூச்சு தேவைப்பட்டது.

“இல்லம்மா. நீங்க நோயாளிக்கு உடன் வந்தவரு.”

ஜெகதீசன் கெட்டவர் அல்ல. உடன் வந்தவர் என்று அச்சிட்ட ஊதா அட்டையைத் தன் கையாலேயே கிளாராவின் கழுத்தில் மாட்டி, கயிறு சங்கிலியில் சிக்காமல் சரி செய்தும் விட்டார். பிறகு அமலதாஸிடம் திரும்பி, உடன் வந்தவரோடு உடன் வந்தவருக்கு நாற்காலி கிடையாது, மன்னிக்க வேண்டும் என்றார். அப்படியொரு பிரிவு விதிகளில் இல்லை என்று அவர் உண்மையிலேயே வருந்தினார்.

விதிகளுக்கான காரணத்தை இயக்குநர் டாக்டர் சித்தார்த்தன் சொன்னார். கூடத்தில் ஒரு டிவி இருந்தது. அதில் அவருடைய உரை தினமும் ஓடியது. உடன் வந்தவர்கள் எல்லோரும் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டும்.

“மருந்து யாருக்குப் பொருந்துகிறது? உங்களுக்கா? இல்லை. உங்கள் கட்டிக்கு. மரபணு மாற்றம் யாரிடம் இருக்கிறது? கட்டியிடம். அப்படியானால் நோயாளி யார்? இந்தச் சிறிய கேள்வியை மருத்துவ உலகம் இத்தனை காலம் கேட்கவே இல்லை. நோயாளிக்கும் உடன் வந்தவருக்கும் இடையே ஒரு குழப்பம் இருந்து வந்தது. அதை நாங்கள் தீர்த்துவிட்டோம். முதலில் இருவரையும் ஒரே கட்டிடத்தில் வைத்துத்தான் பார்த்தோம். உடன் வந்தவர்கள் ஓயாமல் இருமினார்கள். ஆராய்ச்சி கெட்டது.”

ஆகவே திண்டிவனத்தில் நோயாளிகள் இருந்தார்கள். மெழுகில் பதித்த துணுக்குகள், ஒவ்வொன்றும் ஒரு விரல் நகம் அளவு. அவற்றுக்கு இரவும் பகலும் குளிர்சாதனம், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், வாசலில் காவலாளி. விழுப்புரத்தில் உடன் வந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மண்டி மாடியிலேயே ஒரு விடுதி, தகரக் கூரையும், ஒரு மின்விசிறியும். அந்த மின்விசிறிக்கு ஏதோ உதிரிப் பாகம் வரவேண்டியிருந்தது.

சேரும்போதே ஒரு நிபந்தனையில் கையெழுத்து வாங்கினார்கள். மாத்திரை கைக்கு வரும்வரை உடன் வந்தவர் வேறு எந்த மருந்தும் எடுத்துக்கொள்ளக் கூடாது, எடுத்தால் நோயாளியின் குணம் மாறிவிடும். அமலதாஸ் தயங்கினான். கிளாராதான் பேனாவை வாங்கினாள். அந்த மாத்திரை எங்கோ இருக்கிறது, அதைச் சாப்பிட்டால் மறுபடியும் படுத்துத் தூங்கலாம் என்பது மட்டுமே அவள் மனதில் இருந்தது. உட்கார்ந்தபடி தூங்கப் பழகி அவளுக்கு வெகுநாள் ஆகியிருந்தது.

அமலதாஸின் போனுக்குக் காலைதோறும் குறுஞ்செய்தி வந்தது. உங்கள் நோயாளி நலமாக இருக்கிறார். நேற்று நல்ல வெளிச்சத்தில் பார்வையிடப்பட்டார். அவன் ஊருக்குப் போயிருந்தபோது அதைப் பங்குக் கோயிலின் அன்பியக் கூட்டத்தில் யாரோ வாங்கிப் படித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கிளாரா குணமடைந்ததற்கு நன்றி மன்றாட்டு சொல்லப்பட்டது. அடுத்த வாரம் வேனில் பாட்டுக்குழுப் பெண்கள் வாழைப்பழச் சீப்போடு வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். சுவரில் சாய்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டு, பழத்தை அங்கிருந்தவர்களுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டு, அழாமல் இருப்பதற்காக ஒரு மாதா பாட்டுப் பாடினார்கள்.

“அது ஏசியில படுத்துக்கினு இருக்குது,” என்று அன்று சாயங்காலம் கிளாரா சொன்னாள். “நான் ஆக்கின சோத்தத் தின்னு வளந்ததுதான அது. ஒரு நாளு கூப்பிட்டு எனக்கும் கொஞ்சம் எடம் குடுத்தா இன்னாவாம்?”

அடுத்த பெஞ்சில் இருந்த முனியம்மாள் சிரித்தாள். சிரித்தால் அவளுக்கும் இருமல் வரும். செஞ்சிப் பக்கத்தில் சொந்த நிலத்தில் மல்லாட்டைக் கடலை பயிர் செய்தவள். அவளுடைய துணுக்கும் திண்டிவனத்தில் நலமாக இருந்தது. தினமும் கேப்பைக் கூழ் கரைத்து, முதல் டம்ளரைக் கிளாராவுக்குக் கொடுத்துவிட்டுத்தான் தான் குடிப்பாள். மத்தியானம் தகரம் காயும்போது பழைய காலண்டர் அட்டையால் கிளாராவுக்கு விசிறுவாள். கை ஓய்ந்துபோனால் கிளாரா அட்டையை வாங்கி முனியம்மாளுக்கு விசிறுவாள். இருவரில் யாருக்கும் அதிக நேரம் விசிற முடியாததால் அட்டை கை மாறிக்கொண்டே இருந்தது.

அங்கே ஒரு நர்ஸும் இருந்தாள். பெயர் பானுப்ரியா. ஒரு நாள் கிளாராவின் உதடு நீலம் பாரித்ததைப் பார்த்து, அறை மூலையில் உறை போட்டு வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து அவளுக்கு வைத்தாள். மூன்றாம் நாள் பானுப்ரியாவுக்கு மெமோ வந்தது. நோயாளிக்காக ஒதுக்கிய வாயுவை உடன் வந்தவருக்குப் பயன்படுத்தியது குற்றம் என்று அதில் இருந்தது. நோயாளி திண்டிவனத்தில் இருக்கிறார், சிலிண்டர் விழுப்புரத்தில் இருக்கிறது, பிறகு அவர் எப்போது அதைச் சுவாசிப்பார் என்று அவள் பதில் எழுதினாள். கேள்வி வடிவில் விளக்கம் தந்ததற்காக இரண்டாவது மெமோ வந்தது. பானுப்ரியா இரண்டையும் மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கிளாராவுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள்.

ஆடி பிறந்த வாரத்தில் இயக்குநரே விழுப்புரத்துக்கு வந்தார். பொருத்தம் கிடைத்துவிட்டது என்றார். கிளாராவின் கட்டிக்கும் முனியம்மாளின் கட்டிக்கும் ஒரே மாற்றம், ஒரே மாத்திரை. புகைக்காத பெண்களிடம் அடிக்கடி காணப்படுவதுதான் என்றார். மாத்திரைப் பெட்டிகள் திண்டிவனத்துக்கு வந்தும் சேர்ந்துவிட்டன. பெஞ்சில் இருந்த எல்லோரும் கை தட்டினார்கள். கிளாரா மடியில் கை வைத்துக்கொண்டு கண்ணை மூடி மங்கள வார்த்தை ஜெபம் சொன்னாள்.

“எப்ப சார் தருவீங்க?” என்று கேட்டான் அமலதாஸ்.

“ஆவணியில. முதல் முகூர்த்தத்துல விழா.”

“இப்பவே குடுத்துட்டா...”

“ஆடி மாசத்துல எந்த நல்ல காரியமும் ஆரம்பிக்கக் கூடாதுன்னு நன்கொடையாளருங்க சொல்றாங்க.”

“மாத்திரைக்கு ஏது சார் ஆடி?”

இயக்குநர் அவன் தோளில் கை வைத்தார். “நான் விஞ்ஞானி. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை இல்லாதவன் இதுல முடிவெடுக்கிறது சரியில்லைன்னுதான், நம்பிக்கை உள்ளவங்ககிட்ட பொறுப்ப ஒப்படைச்சிட்டேன்.”

ஒரு மேடையில் ஒரு நோயாளிக்கு மட்டுமே மரியாதை என்பது மரபு. எனவே ஆவணி விழா கிளாராவின் கட்டிக்கு ஒதுக்கப்பட்டது. முனியம்மாளின் கட்டிக்குப் புரட்டாசியில் வைக்கலாமா என்று பேசினார்கள். புரட்டாசியில் பொருத்தகத்தின் அறங்காவலர் ஒருவருக்கு விரதம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மழை, பந்தல் நிற்காது. மார்கழி ஆகாது. தை என்று முடிவாயிற்று. தையில் மல்லாட்டை பிடுங்கும் வேலை இருக்கும் என்று மட்டும் முனியம்மாள் சொன்னாள்.

அந்த ஆடி நீளமாக இருந்தது. மாதாவின் விண்ணேற்புத் திருநாள் ஆடியின் கடைசியில் வந்தது. பிறந்ததிலிருந்து அந்தத் தேரைத் தவறவிடாத கிளாராவால் போக முடியவில்லை. விடுதியை விட்டு வெளியேறினால் பெயர் நீக்கப்படும். பானுப்ரியா வேலை முடிந்ததும் ஷேர் ஆட்டோவில் கோயிலுக்குப் போனாள். எந்தப் பக்கம் நிற்பது, எப்போது கும்பிடுவது என்று தெரியாமல் கூட்டத்தோடு நின்று, தேரிலிருந்து உதிர்ந்த ஒரு சாமந்திப் பூவைக் கைக்குட்டையில் பொதிந்து கொண்டுவந்தாள். கிளாரா அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

ஆவணியின் முதல் முகூர்த்த நாளில் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா நடந்தது. கிளாராவால் எழுந்திருக்க முடியவில்லை. உடன் வந்தவர் வரத் தேவையில்லை, நோயாளி வந்தால் போதும் என்று ஜெகதீசனும் சொல்லிவிட்டார். அமலதாஸ் மட்டும் முதல் பஸ்ஸில் கிளம்பினான். மாத்திரையைக் கையில் வாங்கியதும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தால் பொழுது சாய்வதற்குள் அவள் வாயில் போட்டுவிடலாம். புதிதாக ஒரு தண்ணீர் பாட்டிலும் வாங்கிப் பையில் வைத்திருந்தான்.

மண்டப வாசலில் வாழை மரம் கட்டியிருந்தார்கள். பேனரில் கட்டியின் படம் பெரியதாக, ஊதாவும் இளஞ்சிவப்புமாக, அழகாக இருந்தது. மேடை நடுவில் கண்ணாடிப் பேழை. அதற்குள் வெல்வெட் துணியில் மெழுகுத் துணுக்கு. விளக்கு ஏற்றினார்கள். பேழைக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். உள்ளே இருந்தது தெரியாமல் போகவே, புகைப்படக்காரர் சொன்னபடி ஒரு பக்கம் விலக்கிவிட்டார்கள்.

இயக்குநர் பேசினார். “மற்ற மருத்துவமனைகளில் மாத்திரையை உடன் வந்தவர் விழுங்கிவிடுகிறார். அது வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, கல்லீரலில் சிதைந்து, தேவையே இல்லாத கை கால்களுக்கெல்லாம் போய் வீணாகிறது. பொருத்தகத்தில் இடைத்தரகர் கிடையாது. மருந்து நேரடியாக நோயாளியிடம் ஒப்படைக்கப்படுகிறது.”

நன்கொடையாளர் மாத்திரைப் பெட்டியை இரு கைகளாலும் ஏந்தி, பேழைக்குள் துணுக்கின் பக்கத்தில் வைத்தார். நாதஸ்வரம் வாசித்தார்கள். பேழையைப் பூட்டினார்கள்.

அமலதாஸ் மேடைக்கு ஓடினான். படம் எடுத்துக்கொள்ள வருகிறான் என்று நினைத்துத் தொண்டர்கள் அவனுக்கு வழிவிட்டு, சட்டைக் காலரைக்கூடச் சரி செய்தார்கள்.

“சார், அத என்கிட்ட குடுங்க சார். அவ அங்க மூச்சு வுட முடியாம கெடக்கறா சார்.”

“குடுத்தாச்சே,” என்றார் இயக்குநர். “நீங்களே பார்த்தீங்களே.”

“அவளுக்குக் குடுக்கல சார்.”

“உடன் வந்தவர்கள் எல்லோருக்கும் வெளியே சாப்பாடு இருக்கு,” என்று இயக்குநர் அவனைத் தட்டிக்கொடுத்தார். அவர் கண்ணில் இரக்கம் இருந்தது. படம் எடுக்கும்வரை அவன் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

விழுப்புரத்தில் அந்தப் பிற்பகல் கிளாராவின் தலை முனியம்மாளின் மடியில் இருந்தது. ஈரத் துணியால் அவள் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தாள் முனியம்மாள். பானுப்ரியா மூன்றாவது மெமோவுக்குத் துணிந்து மறுபடி சிலிண்டரைத் திறந்தாள். பழைய புகாரால் அதைக் காலி செய்து வைத்திருந்தார்கள்.

வந்துவிட்டாரா என்று கிளாரா கேட்டாள். வாய் அசைவில்தான் அது தெரிந்தது.

“பஸ் ஏறிட்டாரும்மா,” என்றாள் முனியம்மாள். “மாத்திரையக் கையில புடிச்சிக்கினுதான் வந்துக்கினு இருக்காரு. போன்ல சொன்னாரு.”

அது பொய். அன்று பொருத்தகத்தின் இரண்டு கிளைகளிலும் சொல்லப்பட்டவற்றில் கிளாராவுக்குப் பயன்பட்டது அது ஒன்றுதான். அவள் முகம் தெளிந்தது. அமலதாஸ் படியேறி வந்தபோது முனியம்மாள் அவளுடைய கண்களை மூடிவிட்டு, சாமந்திப் பூவைக் கையில் வைத்திருந்தாள்.

அடக்கம் முடிந்து நாலைந்து நாளில் ஜெகதீசன் போன் செய்தார். உடன் வந்தவர் காலமானது குறித்துப் பொருத்தகம் வருந்துகிறது. ஆனால் நோயாளி மிக நலமாக இருக்கிறார். மாத்திரை வைத்த பிறகு அது கொஞ்சமும் வளரவில்லை. இப்போதைய சிக்கல் என்னவென்றால் நோயாளிக்கு உடன் இருக்க ஆளில்லை. விதிப்படி நெருங்கிய உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தத் துணுக்கைக் கொடுங்கள், அவளோடு சேர்த்துப் புதைத்துவிடுகிறேன் என்றான் அமலதாஸ். இல்லாவிட்டால் இனி கூப்பிடாதீர்கள் என்றான்.

“சிகிச்சையில இருக்கிற நோயாளிய எப்படிங்க புதைக்கிறது?” என்றார் ஜெகதீசன். “வேலை ஒண்ணும் பெருசா இல்லைங்க. மாசா மாசம் புதுப் பெட்டி வைப்போம். பழைய பெட்டிய உடன் வந்தவர் எடுத்து அப்புறப்படுத்தணும். அவ்வளவுதான்.”

அமலதாஸ் போனை மறு காதுக்கு மாற்றினான். பிறகு கேட்டான்.

“அதுல மாத்திரை அப்பிடியே இருக்குமா சார்?”

“இருக்கும். ஆனா எங்களைப் பொறுத்தவரைக்கும் அது நோயாளி சாப்பிட்ட மாத்திரை. நீங்க குப்பையில போட்டாலும் ஆத்துல போட்டாலும் நாங்க கேக்க மாட்டோம்.”

அமலதாஸ் கையெழுத்துப் போட்டான்.

திண்டிவனத்தில் காவலாளி பேழையைத் திறந்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். டைல்ஸ் தட்டும் சுத்தியலைப் பையில் கொண்டுவந்திருந்தான் அமலதாஸ். துணுக்கை ஒரே அடியில் பொடியாக்கிவிட வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தான். மெழுகுக்குள் இருந்தது மிகவும் சிறியதாக இருந்தது. அவளைக் கொன்றதும் அதுதான், மண்ணுக்கு மேல் மிச்சம் இருந்த அவளும் அதுதான். அவன் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு மாத்திரைப் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தான்.

பானுப்ரியா பெட்டியில் இருந்த மருந்தின் பெயரை முனியம்மாளின் சீட்டோடு வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டரை விடுமுறை நாளில் தேடிப் போய்க் கேட்டுவிட்டும் வந்தாள். முனியம்மாள் மாத்திரையைக் கையில் வாங்க மாட்டேன் என்றாள்.

“அந்தப் பொண்ணுக்கு வந்தது. அத நான் எப்பிடி வாயில போடறது மேஸ்திரி?”

“அவளுக்கு ஒண்ணும் வரலம்மா,” என்றான் அமலதாஸ். “கண்ணாடிப் பொட்டிக்கு வந்தது. நீ போடு.”

அவள் விழுங்கும்வரை அவன் போகவில்லை. கூழ் டம்ளரை அன்று அவன் பிடித்துக்கொண்டான்.

ஒரு மாதத்துக்குள் முனியம்மாள் படுத்துத் தூங்கினாள். அடுத்த மாதம் தண்ணீர்க் குடத்தைக் கீழிருந்து மாடிக்குத் தானே தூக்கி வந்தாள். ஐப்பசி அடைமழையில் திண்டிவனத்தில் சுவர் ஓதம் இறங்கி, அவளுடைய துணுக்கில் பூஞ்சை படர்ந்தது. உங்கள் நோயாளி கவலைக்கிடம் என்று அவளுக்குக் குறுஞ்செய்தி வந்தது. ஜெகதீசன் ஓடிவந்து பார்த்தபோது அவள் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

“அங்க நோயாளி உயிருக்குப் போராடிக்கினு இருக்காங்க. உங்களுக்கு மாவு சலிக்க மனசு வருதா?” என்றார்.

இரண்டு நாள் கழித்துத் துணுக்கு காலமானது. திண்டிவனத்தில் அதே மண்டபத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். துன்ப நிகழ்ச்சிக்கு முகூர்த்தம் பார்ப்பதில்லை என்பதால் உடனே வைக்க முடிந்தது. கிளாராவின் அடக்கத்துக்குப் பொருத்தகத்திலிருந்து யாரும் வந்திருக்கவில்லை. இதற்கு எல்லா அறங்காவலர்களும் வந்திருந்தார்கள். கட்டியின் படத்துக்கு ரோஜா மாலை போட்டு ஊதுவத்தி ஏற்றினார்கள். அதன் பொறுமையையும் ஒத்துழைப்பையும் இயக்குநர் நினைவுகூர்ந்தார். நெருங்கியவர் என்ற முறையில் முனியம்மாளை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். பக்கத்தில் அமலதாஸ் இருந்தான். அன்று காலை பேழையிலிருந்து எடுத்த அந்த மாதப் பெட்டி அவன் சட்டைப் பையில் இருந்தது.

மாலை போட்ட படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்த முனியம்மாள் திடீரென்று மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். என் தங்கமே கிளாரா, கூழு குடுத்த கையில உசுர வுட்டியே கிளாரா என்று அந்த மண்டபம் முழுக்கக் கேட்க அழுதாள். ஓர் உடன் வந்தவர் நோயாளிமேல் இவ்வளவு பாசம் வைத்து இதுவரை பார்த்ததில்லை என்று அறங்காவலர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள்.

ஜெகதீசன் குனிந்து அமலதாஸின் காதில் கேட்டார்.

“கிளாராங்கிறது யாருங்க?”

“என் சம்சாரம் சார்.”

“அப்படியா,” என்றார் ஜெகதீசன் அன்போடு. “இப்ப எப்படி இருக்காங்க?”

அதற்குள் ஒரு நிமிட மௌன அஞ்சலி அறிவிக்கப்பட்டது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். முனியம்மாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து நின்றாள்.